ஏழு மாதமும் ஐந்து நாளும்

எங்கள் அத்தா மங்கலம்பேட்டையில் எங்கள் முஹல்லாப் பள்ளிவாசலின் நிகாஹ் தஃப்தரை இருபத்தெட்டு ஆண்டுகள் எழுதி வந்தார்கள். நீண்ட கணக்குப் பேரேடு போன்ற புத்தகம் அது. மணமகன் பெயர், அவர் தந்தை பெயர், மணமகள் பெயர், அவர் தந்தை பெயர், மஹர் தொகை, வலீ, வக்கீல், இரு சாட்சிகள், பிறைத் தேதி, இங்கிலீஷ் தேதி என்று ஒரு நிகாஹுக்கு ஒரு பக்கம். அத்தாவின் எழுத்து அச்சுப்போல் இருக்கும். ஊரில் பலர் அதனை ஒரு சடங்குப் புத்தகமாகவே நினைத்திருந்தார்கள். நிகாஹ் முடிந்து கையொப்பமிட்டபின் அந்தப் பக்கத்தை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு பிள்ளையின் வாழ்வு முழுவதும் அதில் உள்ள ஒரு தேதியைப் பற்றிக்கொண்டு நிற்கக்கூடும் என்பதை நான் 1980-ஆம் ஆண்டில்தான் அறிந்தேன்.

அப்போது நான் விருத்தாசலத்தில் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் குமாஸ்தாவாக இருந்தேன். காலையில் பேருந்து ஏறினால் இரவு இஷாவுக்குத்தான் வீடு திரும்புவது வழக்கம். அந்தத் தொழிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் என்ற முறையில்தான் இதனை எழுதத் துணிகிறேன். ஆனால் நான் எழுதப்போவது என் திறமையைப் பற்றியதன்று. நான் செய்த ஒரு பிழையைப் பற்றியது.

என் சின்னம்மாவின் மகள், எனக்குத் தங்கை, 1979 ஜூன் 10-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நிகாஹ் செய்து கொடுக்கப்பட்டாள். ரஜப் மாதத்தின் நடுப்பகுதி. மாப்பிள்ளை எங்கள் ஊரேதான். குவைத்தில் ஒரு கடையில் வேலை. விடுமுறையில் வந்தவர் நாற்பது நாள் இருந்துவிட்டு, ரமலான் பிறை தெரிவதற்கு ஐந்தாறு நாள் முன்பு புறப்பட்டுப் போய்விட்டார். பிள்ளை 1980 ஜனவரி 8-ஆம் தேதி பிறந்தது. ஆண்பிள்ளை. எடை ஒரு கிலோ எழுநூறு கிராம். பஞ்சில் சுற்றி, சின்னம்மா இரவும் பகலும் மடியில் வைத்துக் காப்பாற்றினார்கள். செய்தி கிடைத்ததும் மாப்பிள்ளை மகிழ்ச்சியுடன் கடிதம் எழுதி, அகீகா கொடுக்கும்படி 300 ரூபாயும் அனுப்பினார். நாங்களும் கொடுத்தோம், பெயரும் சூட்டினோம்.

மார்ச் மாதத்தில் இன்னொரு கடிதம் வந்தது. இடையில் அவர் வீட்டிலிருந்து யாரோ விரல்விட்டு எண்ணி அவருக்கு எழுதியிருக்கிறார்கள். யார் என்று தெரியும். எழுதுவதால் பயனில்லை, அவர்கள் மௌத்தாகி வெகுகாலம் ஆயிற்று. ‘ஏழு மாதத்தில் பிறந்த பிள்ளைக்கு நான் தகப்பன் அல்லன்’ என்பதே அக்கடிதத்தின் சாரம். அது தங்கைக்கு வரவில்லை, ஜமாஅத்துக்கு வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் ஜமாஅத்தார் அமர்ந்தார்கள். நானும் ஓரத்தில் இருந்தேன். கடிதம் வாசிக்கப்பட்டது. எவரும் எதுவும் பேசவில்லை. அந்த மௌனம் இன்றும் என் காதில் இருக்கிறது. அத்தா எழுந்து போய் அலமாரியைத் திறந்து தஃப்தரை எடுத்து வந்தார்கள். பக்கத்தைப் புரட்டி, நிகாஹ் தேதியைப் படித்துவிட்டு, ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்கிட்டார்கள். ஜூனில் 20 நாள், ஜூலையில் 31, ஆகஸ்டில் 31 என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கூட்டினார்கள். மொத்தம் 212 நாள். ‘பிறை மாதக் கணக்கில் ஏழு மாதமும் ஐந்து நாளும்’ என்றார்கள். பிறகு தஃப்தரை மூடி ஹஜ்ரத் அவர்களின் முன் வைத்தார்கள்.

ஹஜ்ரத் சொன்ன விளக்கத்தை நான் பிறகு நூல்களில் படித்துத் தெளிந்துகொண்டேன். வாசகர்களுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன். திருமறையில் ஓரிடத்தில், தாய் பிள்ளையைச் சுமப்பதும் பால்குடி மறக்கச் செய்வதும் சேர்ந்து முப்பது மாதம் என்று வருகிறது. வேறிடங்களில் பால்குடிக் காலம் இரண்டு ஆண்டு என்று வருகிறது. முப்பதிலிருந்து இருபத்துநான்கைக் கழித்தால் எஞ்சுவது ஆறு. ஆகவே கர்ப்பத்தின் மிகக் குறைந்த காலம் ஆறு மாதம் என்று ஸஹாபாக்கள் காலத்திலேயே முடிவு கண்டார்கள். அலீ (ரலி) அவர்களும் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களும் இவ்வாறு விளக்கியதாக அறிவிப்புகள் உண்டு. நான்கு மத்ஹபுகளும் இதில் ஒன்றுபட்டிருக்கின்றன. மிக நீண்ட காலத்தில்தான் கருத்து வேறுபாடு: ஹனஃபிகளிடம் இரண்டு ஆண்டு, ஷாஃபிகளிடம் நான்கு ஆண்டு. இன்றைய மருத்துவர் இதைக் கேட்டால் சிரிக்கக்கூடும். அந்த இமாம்கள் மருத்துவம் அறியாமல் சொன்னார்கள் என்று மட்டும் கொள்வது சரியன்று என்பது என் எண்ணம். ஐயம் எழும் இடத்திலெல்லாம் பிள்ளையின் பக்கம் சாய்ந்தே தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்ற கவலை அவர்களுக்கு இருந்திருக்கிறது.

ஹஜ்ரத் இன்னொன்றும் கேட்டார்கள்: ‘பிள்ளை பிறந்த செய்தி போனதும் அவர் என்ன செய்தார்?’ அகீகாவுக்குப் பணம் அனுப்பிய செய்தியைச் சின்னத்தா சொன்னார்கள். ‘அப்படியானால் வாழ்த்தை ஏற்றுக்கொண்டவர், இனி மறுக்க வழியில்லை’ என்றார்கள் ஹஜ்ரத். பிள்ளையை மறுக்க விரும்பும் கணவன் செய்தி அறிந்தவுடனேயே மறுக்க வேண்டும். அதுவும் காழியின் முன் லிஆன் என்னும் சத்தியப் பிரமாண முறையில்தான் மறுக்க வேண்டும். இஷ்டப்பட்டபோது ஏற்று, யாரோ சொன்னதும் தள்ளுவதற்கு ஷரீஅத்தில் இடமில்லை. நிகாஹில் பிறந்த பிள்ளை நிகாஹுக்கே உரியது என்பது பெருமானார் (ஸல்) அவர்கள் வகுத்துத் தந்த விதி.

அன்று மாலை அத்தா சின்னம்மா வீட்டுக்குப் போய்த் திண்ணையில் நின்றபடியே, உள்ளே கதவோரம் இருந்த தங்கையிடம், ‘ஏழு மாசமும் அஞ்சு நாளும்மா. யாரு கேட்டாலும் இதைச் சொல்லு. வேற ஒண்ணும் சொல்ல வேணாம்’ என்றார்கள்.

ஜமாஅத் முடிவு மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப்பட்டது. அவர்கள் மறுக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை. அடுத்த ஆண்டு தலாக் கடிதம் வந்தது. ஜமாஅத்தின் முடிவுக்கு ஊரில் மதிப்பு உண்டு. ஆனால் அதனால் ஒரு படி அரிசி வாங்க முடியாது. பிள்ளைக்கு இரண்டு வயதானபோது நீதிமன்றம் போவதென்று முடிவாயிற்று.

இங்கேதான் என் பிழை வருகிறது.

1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125-ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. மனைவி, மக்கள், பெற்றோர் ஆகியோருக்கு ஜீவனாம்சம் தரும் பிரிவு. (2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் அது 144-ஆவது பிரிவாகிவிட்டது.) முறைப்படிப் பிறந்த பிள்ளைக்கும் முறையின்றிப் பிறந்த பிள்ளைக்கும் அதில் வேற்றுமை கிடையாது. பசி இரண்டுக்கும் ஒன்றுதான் என்பது சட்டத்தின் நோக்கம்; நல்ல நோக்கம். அதனால் இத்தகைய மனுக்களில் வழக்கறிஞர்கள் ஒரு வாக்கியத்தைத் தவறாமல் சேர்ப்பார்கள்: ‘இப்பிள்ளை எதிர்மனுதாரருக்குச் சட்டப்படிப் பிறந்த மகன், அவ்வாறன்று என்று நீதிமன்றம் கருதும் பட்சத்திலும், முறையின்றிப் பிறந்த மகன் என்ற வகையில் ஜீவனாம்சம் பெற உரியவன்.’ இரண்டு வாசலையும் திறந்து வைப்பது. தொழில் வழக்கம். எங்கள் ஐயா நகல் சொல்ல, நான் டைப் அடித்தேன். எத்தனையோ மனுக்களில் அடித்த வாக்கியம். என் விரல்கள் தாமே அடித்தன. யாருடைய பிள்ளையைப் பற்றி அடிக்கிறேன் என்று நான் நினைக்கவேயில்லை.

கையொப்பம் வாங்கத் தங்கையைச் சின்னத்தாவுடன் அழைத்து வந்தேன். அவள் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். ‘படிச்சுக் காட்டுங்கண்ணே’ என்றாள். நான் படித்தேன். அந்த வாக்கியம் வந்ததும் ‘திரும்பப் படிங்க’ என்றாள். படித்தேன். புர்காவின் திரைக்குள்ளிருந்து நெடுநேரம் குரல் வரவில்லை.

‘அண்ணே, இதை நீங்கதானா எழுதினீங்க?’

நான் தொழில் வழக்கத்தை விளக்கத் தொடங்கினேன். இந்த வாக்கியம் இருந்தால் எப்படியும் பணம் கிடைத்துவிடும், இல்லாவிட்டால் ஒருவேளை கிடைக்காமல் போகலாம் என்றேன். ஐயாவும் பரிவோடு, ‘அம்மா, இது ஒரு பாதுகாப்புக்குத்தான்’ என்றார்.

‘பணம் வராட்டிப் போகுது. இந்த வரியை எடுத்துட்டாத்தான் கையெழுத்துப் போடுவேன். அவரு சொன்னது ஒரு தடவை. இதுல நானே சொன்ன மாதிரில்ல இருக்கு.’

ஐயா என்னைப் பார்த்தார். நான் அந்தத் தாளை உருவி எடுத்துக் கிழித்துவிட்டு வேறு தாள் அடித்தேன். முப்பது ஆண்டுத் தொழிலில் அவ்வளவு தப்பும் திருத்தமுமாக நான் வேறெதையும் அடித்ததில்லை. தனக்காக அவள் எதுவும் கேட்கவில்லை; மனு பிள்ளைக்கு மட்டும்தான்.

விசாரணைக்கு மாப்பிள்ளை விடுமுறையில் வந்து நின்றார். மாதம் 75 ரூபாய் என்று தீர்ப்பாயிற்று. அக்காலத்தில் அப்பிரிவின்கீழ் அதிகபட்சம் 500 ரூபாய்தான் தரமுடியும். 2001-இல்தான் அந்த வரம்பு நீக்கப்பட்டது. அவர் கடலூரில் சீராய்வு மனுப் போட்டார். 1984-இல் பெரியவர்கள் இடையில் புகுந்து பேசி ராஜியாயிற்று. அந்த ராஜி மனுவில் அவர் கையொப்பமிட்ட வாசகம் இதுதான்: தம் மகனுக்கு மாதம் 150 ரூபாய் தருவதாக ஒப்புக்கொள்கிறார். ‘என் மகன்’ என்ற அந்த இரு சொற்களுக்காக எவரும் வாதாடவில்லை. மனுவில் வேறு சொல் இல்லாததால் ராஜியிலும் வேறு சொல் வரவில்லை, அவ்வளவுதான்.

மூன்று ஆண்டு கழித்து, 1987-இல், அலுவலகத்துக்கு வந்த ஏ.ஐ.ஆர். தொகுதியில் ஒரு தீர்ப்பைக் கண்டேன். துக்தர் ஜஹான் எதிர் முஹம்மத் ஃபாரூக் என்ற வழக்கு. நிகாஹாகி ஏறக்குறைய ஏழு மாதத்தில் ஒரு பெண்பிள்ளை. தந்தை தன் பிள்ளையல்ல என்கிறார். உயர்நீதிமன்றம் அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. உச்சநீதிமன்றம் அதை மாற்றி, பிள்ளைக்கு ஜீவனாம்சம் உண்டு என்று தீர்ப்பளித்தது. பிள்ளை பிறந்தபோதே அவர் ஏன் மறுக்கவில்லை என்று கேட்டது. எங்கள் ஹஜ்ரத் பள்ளிவாசலில் பாயில் அமர்ந்து கேட்ட அதே கேள்வி! அந்தத் தொகுதியை வைத்துக்கொண்டு தனியாக அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இச்சட்டத்தின் அடிப்படை 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 112-ஆவது பிரிவு. ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன் என்ற ஆங்கிலேயர் வரைந்த சட்டம் அது. செல்லத்தக்க திருமணம் நிலவும்போது பிறந்த பிள்ளையும், திருமணம் முறிந்து தாய் மறுமணம் செய்யாதிருக்கையில் 280 நாளுக்குள் பிறந்த பிள்ளையும் அக்கணவனின் முறையான பிள்ளை என்பதற்கு அதுவே முடிந்த சான்று. கரு உண்டாகியிருக்கக்கூடிய காலத்தில் கணவன் மனைவி ஒருவரையொருவர் அணுக வாய்ப்பே இல்லாதிருந்தது என்று நிரூபித்தாலன்றி அதை அசைக்க முடியாது. இப்போது 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாட்சியச் சட்டத்தில் அதே விதி 116-ஆவது பிரிவாக இருக்கிறது.

இரண்டு சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு தெரியும். ஆங்கிலேயன் எழுதிய சட்டம் திருமணம் முடிவுறும் வாசலில் நின்று நாளை எண்ணுகிறது. நம் ஷரீஅத் திருமணம் தொடங்கும் வாசலில் நின்றும் எண்ணுகிறது. நிகாஹுக்கு மறுநாளே பிறந்தாலும் 112-ஆவது பிரிவு பிள்ளையை ஏற்கும். ஷரீஅத்துக்கு ஆறு மாதம் வேண்டும். எங்கள் பிள்ளைக்கு இரண்டு கணக்கிலும் குறைவில்லை. ஆனால் தெருவில் பேசுகிறவர்கள் இரண்டு சட்டத்தையும் படித்தவர்கள் அல்லரே!

பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தலைப்பெழுத்துக் கேட்டார்கள். நம் தமிழ்நாட்டில் பெயருக்கு முன்னால் நிற்கும் அந்த ஒற்றை எழுத்துக்குள் ஒரு தகப்பன் உட்கார்ந்திருக்கிறார். தகப்பனார் கையொப்பம் எங்கே என்றார்கள். காப்பாளர் என்று நான் போட்டேன். தலைப்பெழுத்து மட்டும் அவருடையதுதான். அதில் தங்கை விட்டுக்கொடுக்கவில்லை. அவர் மேல் பாசத்தால் என்று அப்போது நினைத்தேன். தந்தையர் பெயராலேயே பிள்ளைகளை அழைக்க வேண்டும் என்ற இறைகட்டளையை ஹஜ்ரத் அவளுக்குச் சொல்லியிருந்தது பிறகுதான் தெரிந்தது. பெருமானார் (ஸல்) அவர்கள் தம் மகனாகவே வளர்த்த ஸைத் (ரலி) அவர்கள்கூட அக்கட்டளை வந்தபின் ஸைத் இப்னு ஹாரிஸா என்றே அழைக்கப்பட்டார்கள். வளர்த்தவரின் பெருமை எவ்வளவு பெரிதாயினும் பெற்றவர் பெயரை அது மூடிவிடலாகாது என்றால், பெற்றவரின் சிறுமையும் மூடிவிடக்கூடாதல்லவா? இது தங்கையின் வாதம், என்னுடையது அன்று.

1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் புகுந்தது. நம்மவர் எத்தனையோ பேர் உடுத்திய துணியோடு ஊர் திரும்பினார்கள், அவரும் திரும்பினார். அத்துடன் மாதப் பணம் நின்றது. வழக்குப் போடலாம் என்றேன். ‘இருக்கறவங்கிட்டக் கேக்கலாம், இல்லாதவங்கிட்ட என்னத்தைக் கேக்கறது’ என்றுவிட்டாள். அவள் தையல் இயந்திரம் வைத்து இரவும் பகலும் தைத்துப் பிள்ளையைப் படிக்க வைத்தாள். அடுத்து வந்த நோன்புப் பெருநாளில், தொழுகை முடிந்து எல்லோரும் முஸாஃபஹா செய்துகொள்ளும்போது, பதினொரு வயதுப் பையன் என் பக்கத்தில் நின்றான். அவர் எதிரில் வந்தார். முகத்தைப் பார்த்த எவருக்கும் அகீகா ரசீது வேண்டியிராது. சட்டைப்பையில் கைவிட்டுப் பத்து ரூபாய் எடுத்து அவன் கையில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போய்விட்டார். ‘யாரு மாமு அது?’ என்று அவன் கேட்கவில்லை. அவனுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் காசில் ஐஸ் வாங்கித் தின்றான்.

அவர் மறுமணம் செய்து, வேறு ஊரில் கடை வைத்து, நன்றாகவே மேலுக்கு வந்தார். இரண்டு பெண்பிள்ளைகள். 2006-இல் மௌத்தானார். வீடு, கொஞ்சம் முந்திரிக் கொல்லை, கடை எல்லாம் இருந்தன. அவருடைய சகோதரர்கள் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தபோது மனைவி, இரு மகள்கள், சகோதரர்கள் என்று எழுதினார்கள். மகன் என்று எவரும் இல்லை.

ஏன் என்பதை ஃபராயிள் கணக்கு தெரிந்தவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். மகன் இல்லையென்றால் மனைவிக்கு 1/8. இரு மகள்களுக்கும் சேர்த்து 2/3. மிச்சமுள்ள 5/24 சகோதரர்களுக்கு. மகன் இருந்தால் சகோதரர்களுக்கு ஒரு பிடி மண்ணும் இல்லை. மனைவியின் 1/8 போக எஞ்சிய 7/8-ஐ ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்று பிரித்தால், மகனுக்கு 7/16, மகள்களுக்குத் தலைக்கு 7/32. முறையின்றிப் பிறந்தவன் என்றாலோ, நம் சட்டத்தில் அவன் தாய்வழியில் மட்டுமே வாரிசு. தந்தையின் சொத்தில் ஒன்றுமில்லை. ஜீவனாம்ச மனுவில் நான் அடித்த அந்த வரி பணம் வாங்கித் தந்திருக்கும். இங்கே வந்து குறுக்கே நின்றிருக்கும். அதை 1982-இல் நானோ எங்கள் ஐயாவோ நினைத்துப் பார்க்கவில்லை. தங்கை பரம்பரைச் சொத்தை நினைத்துத் தடுத்தாள் என்றும் நான் சொல்லமாட்டேன். மானத்தை நினைத்துத் தடுத்தாள்.

வாரிசுச் சான்றிதழ் தரும் அலுவலகத்தில், தகராறு இருப்பதால் சிவில் நீதிமன்றம் போங்கள் என்றார்கள். 2007-இல் வழக்குப் போட்டோம். எங்கள் ஐயா மறைந்துவிட்டிருந்தார். அவரிடம் பயின்றவர் நடத்தினார்.

பிரதிவாதிகள் முதலில் கேட்டது டி.என்.ஏ. சோதனை. தகப்பனார் கப்ரில், ஆகவே சிறிய தந்தையர் இரத்தத்தோடு இவன் இரத்தத்தை ஒப்பிட வேண்டும் என்றார்கள். இந்த விஞ்ஞானம் அலெக் ஜெஃப்ரிஸ் என்பவரால் 1984-இல் இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்டது. எங்கள் ராஜி மனு எழுதப்பட்ட அதே ஆண்டு. நம் நாட்டில் தலச்சேரியில் தோன்றிய ஒரு தந்தைமை வழக்கில் ஹைதராபாத் ஆய்வுக்கூடத்தின் சோதனை முடிவு எடுத்துக்கொள்ளப்பட்டு, கேரள உயர்நீதிமன்றமும் 1991-இல் அதை ஏற்றது. ஆனால் 1993-இல் கௌதம் குண்டு வழக்கில் உச்சநீதிமன்றம், கேட்டவுடன் இரத்தச் சோதனைக்கு உத்தரவிடக் கூடாது, எவரையும் கட்டாயப்படுத்தவும் கூடாது என்று சொல்லிவிட்டது. 2001-இல் காம்தி தேவி வழக்கில், கணவன் மனைவி கூடி வாழ்ந்த காலத்தில் பிறந்த பிள்ளையை டி.என்.ஏ. முடிவு ஒன்றைக்கொண்டு மட்டும் தள்ளிவிட முடியாது என்றும் சொன்னது.

பையன் சோதனைக்கு இசைந்தான். ‘முகத்துலயே இருக்கு மாமு, இரத்தத்துல இல்லாமலா போகும்?’ என்றான். தாய் ஒப்பவில்லை. ‘சோதிச்சுப் பாக்கச் சம்மதிச்சா, சந்தேகம் இருக்குன்னு நாமளும் ஒத்துக்கிட்ட மாதிரி’ என்றாள். 1982-இல் சொன்னதன் மறுபக்கம். எங்கள் வழக்கறிஞரும் சட்டத்தைக் காட்டி எதிர்த்தார்; நீதிமன்றம் சோதனை மனுவைத் தள்ளியது.

எங்கள் தரப்பில் வைக்கப்பட்டவை மூன்று: அத்தா எழுதிய தஃப்தரின் பக்கம், பிறப்புப் பதிவு, 1984-ஆம் ஆண்டின் ராஜி மனு. ஷரீஅத்தில் இக்ரார் என்று ஒன்று உண்டு. ஒருவர் ஒரு பிள்ளையைத் தம் முறையான பிள்ளை என்று ஏற்றுச் சொல்லிவிட்டால், அது வேறொருவரின் பிள்ளை என்பது நிறுவப்படாதவரை, வயது பொருந்துமானால், அந்த ஏற்புரையே நஸபை நிலைநாட்டும். பிறகு அவர் பின்வாங்க முடியாது. அலஹாபாத் உயர்நீதிமன்றத்தில் 1888-இல் நீதிபதி சையத் மஹ்மூத் அவர்கள், ஸர் சையத் அஹ்மத் கானின் மைந்தர், அல்லாஹ்தாத் வழக்கில் இதனை ஆழமாக ஆராய்ந்து எழுதினார்கள். ஆனால் இக்ராரால் ஹராத்தை ஹலாலாக்க முடியாது. திருமணமே இல்லை என்று நிறுவப்பட்டால் ஏற்புரை செல்லாது என்று 1921-இல் லண்டன் பிரிவி கௌன்சில் போக்ராவின் நவாபு குடும்பத்து ஹபீபுர் ரஹ்மான் வழக்கில் தெளிவாக்கியது. அங்கே ஏற்புரை இருந்தது, நிகாஹ் இல்லை. எங்களிடம் இரண்டும் இருந்தன.

2010-இல் தங்கை கூண்டில் ஏறினாள். ஐம்பது வயது. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டார்:

‘திருமணமாகி ஏழு மாதத்தில் பிள்ளை பிறந்தது உண்மைதானே?’

‘ஏழு மாசமும் அஞ்சு நாளும்.’

‘உங்கள் கணவர் அது தம் பிள்ளையல்ல என்று எழுதினார் அல்லவா?’

‘எழுதினாரு. அதுக்கு முன்னாடி அகீகாவுக்குப் பணம் அனுப்பினாரு. அதுக்குப் பின்னாடி என் மகன்னு கையெழுத்துப் போட்டாரு. நடுவுல எழுதினது மட்டும்தான் உங்ககிட்ட இருக்கு.’

பழைய ஜீவனாம்ச மனுவின் நகலை அந்த வழக்கறிஞர் கையில் வைத்து வரிவரியாகப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் பின்வரிசையிலிருந்து கண்டேன். என் உள்ளங்கை வியர்த்துவிட்டது. அவர் தேடியது அங்கே இல்லை. அந்த வரி இருந்திருந்தால் வழக்கே தோற்றிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். நாற்பது நாள் கூடி வாழ்ந்தது மறுக்க முடியாததாகையால் 112-ஆவது பிரிவு ஒன்றே போதும். ஆனால் அந்த வரியை அவர் உரக்க வாசித்து, ‘இது உங்கள் கையொப்பம்தானே’ என்று அவளைக் கேட்டிருப்பார்.

நான் எதிர்பாராதது இன்னொன்று. இரண்டாம் மனைவியின் மூத்த மகளும் ஒரு பிரதிவாதி. அந்தப் பெண் சிறிய தந்தையரோடு சேராமல் தனியாக எதிருரை தாக்கல் செய்து, வாதி தன் அண்ணன் என்றும் தன் அத்தா வீட்டில் அவ்வாறே சொல்லியிருக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தது. அதனால் அந்தப் பெண்ணின் பங்கு 1/3-இலிருந்து 7/32 ஆகக் குறைந்தது. கணக்குத் தெரியாமல் செய்த காரியம் அன்று, பட்டதாரிப் பெண். தீர்ப்பு 2011-இல் வந்தது. மேல்முறையீடு இல்லை.

அதற்குப்பின் சட்டம் எங்கும் நின்றுவிடவில்லை. 2014-இல் பாட்வாயிக் வழக்கில், டி.என்.ஏ. முடிவு ஏற்கெனவே கையில் இருந்து, கணவன் தந்தையல்ல என்று அது காட்டுமானால், அந்த உண்மையே சட்டத்தின் அனுமானத்தை வெல்லும் என்று உச்சநீதிமன்றம் கூறியது. அதைப் படித்தபோது எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்தப் பிள்ளை தோன்றியதில் அதற்கு என்ன குற்றம்? ஆனால் தன்னுடையதல்லாத சுமையை ஒருவன் ஏன் சுமக்க வேண்டும் என்ற கேள்விக்கும் என்னிடம் விடையில்லை. 2023-இல் அபர்ணா ஃபிரோதியா வழக்கில், கணவன் மனைவி சண்டையில் பிள்ளையின் பிறப்பை இழுத்து வந்து சோதனைக்கு அனுப்பக் கூடாது என்று நீதிமன்றம் பிள்ளையின் பக்கம் நின்றது. 2025 ஜனவரியில் கேரளத்து இவான் ரத்தினம் வழக்கில் நிலைமை தலைகீழ்: தாய் ஒருவரின் மனைவியாக இருந்தபோது பிறந்த மகனே, வேறொருவர்தான் தன் தந்தை என்று சோதனை கேட்டார். முறையான பிறப்பு என்ற அனுமானம் உடையாதவரை அதுவே தந்தை யார் என்பதையும் முடிவு செய்யும் என்று உச்சநீதிமன்றம் மறுத்துவிட்டது.

தஃப்தரைப் பற்றி ஒரு சொல். எங்கள் அத்தாவின் புத்தகம் பிழைத்தது. பல ஊர்களில் கரையான் தின்றுவிட்டது. 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி எந்த மதத்தவரின் திருமணமாயினும் 90 நாளுக்குள் அரசிடம் பதிவு செய்வது கட்டாயம். நம்மில் பலர் பாஸ்போர்ட் எடுக்கும்போதுதான் அதை நினைக்கிறார்கள்.

சென்ற ஆண்டு தங்கையின் பேத்திக்கு நிகாஹ் நடந்தது. அத்தாவின் இடத்தில் இப்போது ஓர் இளைஞர் தஃப்தர் எழுதுகிறார். மணமகள் பெயர், தந்தை பெயர், பாட்டனார் பெயர் என்று கேட்டுக் கேட்டு எழுதினார். நான் பக்கத்தில் அமர்ந்திருந்தேன். கூட்டம் கலைந்தபின் பெண்கள் பக்கமிருந்து தங்கை என்னை அழைத்தாள்.

‘அண்ணே, பாட்டனார் பேரை எழுதினாங்களா?’

‘எழுதினாங்கம்மா.’

‘எழுத்துப் பிழை ஒண்ணும் இல்லியே?’

‘இல்லை. நான் பார்த்தேன்.’

சரி என்று சொல்லிவிட்டு, சம்பந்தி வீட்டாருக்குச் சாப்பாடு போதுமா என்று பார்க்கப் போய்விட்டாள்.